மறு: இரண்டு ஆட்டம் சேர்ந்த மோதலுக்கு ஒரு சொல் – ஈராட்டம்

நண்பர்களுக்கு வணக்கம். கால்பந்தில் இரு அணிகள் ஆளுக்கொரு மைதானத்தில் ஒவ்வோர் ஆட்டம் ஆடி, இரண்டின் கோல்களையும் கூட்டி முடிவு காணும் மோதலுக்கான சொல் பற்றியது இது. வந்த கேள்வி:

> முதல் சுற்று, இரண்டாம் சுற்று என்றாலே போதுமே?

போதாது என்பதே என் கருத்து. 'சுற்று' ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. அரையிறுதிச் சுற்றின் இரண்டாம் சுற்று என்று எழுதினால் படிப்பவர் தலை சுற்றிப்போவார்.

இத்தாலியக் கால்பந்து அணியான இன்டர் மிலானின் 2009–10 பருவத்தைத் தமிழில் எழுதிப் பாருங்கள், சிக்கல் உடனே தெரியும். 2010 ஏப்ரல், ஐரோப்பிய கிளப்புகள் மோதும் சாம்பியன்ஸ் லீக்கின் அரையிறுதி. தன் மைதானமான சான் சீரோவில், பார்சிலோனாவின் பெத்ரோ முதலில் கோல் அடித்தும், இன்டர் 3-1 என்று வென்றது. அடுத்த வாரம் பார்சிலோனாவின் மைதானமான கேம்ப் நூவில் இன்டரின் தியாகோ மோட்டா அரை மணிக்குள் சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, மீதிப் பத்துப் பேரும் கோல் முன்னால் அரண் கட்டி நின்றார்கள். 84ஆம் நிமிடத்தில் பார்சிலோனாவின் பிக்கே ஒன்று போட்டார். இன்னொன்று விழுந்தால் மொத்தம் 3-3; கூட்டுத்தொகை சமமானால் எதிரணி மைதானத்தில் அடித்த வெளிக்கள கோல் அதிகமுள்ள அணியே முன்னேறும் என்பது அன்றைய விதி என்பதால், பெத்ரோவின் அந்த கோலால் பார்சிலோனா முன்னேறிவிடும். கடைசி நேரத்தில் போயான் அடித்தது வலைக்குள்ளும் போனது. சக வீரர் யாயா தூரேயின் கையில் பந்து பட்டதாகச் சொல்லி நடுவர் கோலை மறுத்துவிட்டார். ஆட்டம் 0-1, இன்டருக்குத் தோல்வி. ஆனால் மாட்ரிட் இறுதிக்குப் போய், ஜெர்மனியின் பயர்ன் மியூனிக்கை 2-0 என்று வென்று கோப்பையைத் தூக்கியதும் அதே இன்டர்தான். 'இரண்டாம் சுற்றில் தோற்றது' என்றால் அந்த இரவு என்னவென்றே புரியாது.

அந்த இரண்டு ஆட்டமும் சேர்ந்து ஒரே மோதல். அதைத்தான் ஈராட்டம் என்கிறேன். பாதிகள் முன்னாட்டம், பின்னாட்டம். கோல்களைக் கூட்டினால் ஈராட்டத் தொகை. 'பின்னாட்டத்தில் தோற்றாலும் 3-2 என்ற ஈராட்டத் தொகையில் இன்டர் முன்னேறியது.' வாக்கியம் தடங்கலில்லாமல் ஓடுகிறது, இல்லையா? 'மறு ஆட்டம்' வேண்டாம். நின்றுபோன ஆட்டத்தைத் திரும்ப நடத்துவதற்கு அது தேவைப்படும்.

இத்தாலிய லீக்கான சீரி ஆவுக்கு இது பொருந்தாது. அங்கும் ஒவ்வோர் அணியோடும் இருமுறை மோதுகிறார்கள், ஆனால் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் தனித்தனிப் புள்ளி. அந்த ஆண்டு இன்டர் 82, ரோமா 80. இத்தாலியக் கோப்பையில் பியோரென்டினாவோடு ஆடிய அரையிறுதி ஈராட்டம், ரோமாவோடு ஆடிய இறுதி ஒற்றை ஆட்டம்.

'தொகை' பணத்தை நினைவூட்டுகிறது என்றால் 'ஈராட்டக் கணக்கு' என்று வைக்கலாம், எனக்குச் சரிதான். ஈராட்டத்தை மட்டும் விட மனமில்லை. அப்புறம், வெளிக்கள கோலுக்கு இதைவிடக் குறுகிய சொல் யாரிடமாவது இருந்தால் எழுதுங்கள்.