உப்புக் காற்றில் பழைய கணினி: எஸ்எஸ்டி போடலாமா?

தங்கச்சிமடம்: ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன், கடல் கூப்பிடு தூரம். 2014-இல் வாங்கிய கணினி. ஹார்ட் டிஸ்க் 'டக் டக்' என்கிறது. ரேமை (நினைவக அட்டையை) கழற்றினால் பொன்னிறப் பட்டைகளின் ஓரத்தில் பச்சையாகப் படிந்திருக்கிறது. விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபர் 14-ஓடு ஆதரவு முடிந்தது. என்ன செய்யலாம்?

மண்டபம்: அண்ணே, அந்தச் சத்தம் ஆபத்து. இன்றைக்கே கோப்புகளை வேறு டிஸ்க்கில் ஏற்றிவிடுங்கள். அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக, சிப்பில் கோப்புகளைச் சேமிக்கும் சாட்டா (இணைப்பு வகை) எஸ்எஸ்டி மாட்டுங்கள். அதில் சுழலும் தட்டே கிடையாது. விண்டோஸ் 11 டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியைக் கேட்கும், பழைய கணினியில் அது பெரும்பாலும் இருக்காது. அதனால் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளம்தான் சரி. அதில் பிரிண்டர் ஓடுகிறதா என்று, நிறுவும் முன்னே பென்டிரைவிலிருந்தே மின்ட்டை ஓட்டிப் பார்த்துவிடலாம்.

கீழக்கரை: ரேமை அழிரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடையுங்கள். சன்னலோரத்தில் மட்டும் கணினியை வைக்காதீர்கள்.

தங்கச்சிமடம்: தேய்த்ததும் பட்டை பளிச்சென்று ஆகிவிட்டது தம்பி! மகள் கல்யாணப் படங்களைத்தான் முதலில் ஏற்றிக்கொண்டிருக்கிறேன்.