ஒலுவில் துறைமுக வீதிக் கணக்கு: ஒரு உதவி
அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். இலங்கையின் அம்பாறை மாவட்டத்தில், ஏ4 பிரதான வீதியிலிருந்து ஒலுவில் ஊரின் துறைமுகத்துக்குப் போகும் வீதியை அகலப்படுத்தினால் செலவுக்கேற்ற பலன் கிடைக்குமா என்று இறுதியாண்டு ஆய்வுக்காகக் கணக்குப் பார்க்கிறேன்.

இரண்டு நாள் சந்தியில் குந்தியிருந்து வாகனங்களை எண்ணினேன். ஐஸ் தண்ணீர் ஒழுக ஒழுகப் போகும் மீன் கூலர் லொறிகள் கொஞ்சம்தான். ஆட்டோவும் மோட்டார்சைக்கிளுமே அதிகம். நேர மிச்சம், எரிபொருள் மிச்சம் எல்லாம் சரி, போட்டுவிடலாம். சிக்கல் வேறு. 2013இல் திறந்த துறைமுகத்தில் படகு நுழையும் வாயை மணல் சேர்ந்து அடைக்கிறது. படகே வராவிட்டால் வீதி யாருக்கு? வாய் திறந்திருந்தால், அடைத்திருந்தால் என இரண்டு மதிப்பீடு போடுவதா? மணல் அகழும் செலவையும் சேர்ப்பதா?

இப்படிக் கணக்குப் போட்டவர்கள், பழைய வாகனக் கணக்கெடுப்பு வைத்திருப்பவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.