மேகம் மூடிய காந்தப் படம்: யாராவது உதவுங்கள்

வணக்கம் உறவுகளே. திருகோணமலையில் பௌதிகவியல் இறுதியாண்டு படிக்கிறேன். வெளிநாட்டில் ஆய்வு செய்யும் அண்ணா ஒருவர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் எடுத்த மூன்று ஸ்கைர்மியன் (காந்தப் பொருளுக்குள் வரும் மிகச் சிறிய காந்தச் சுழல்) படங்களை அனுப்பினார். காந்த அமைப்பைப் பார்க்க உதவும் லொரன்ஸ் முறையில் எடுத்தவை. நுணுக்குக்காட்டியின் பொருள்வில்லையின் (மாதிரிக்குப் பக்கத்தில் இருக்கும் காந்த வில்லை) புலமே 2 தெஸ்லா வரும், காந்த அமைப்பைக் குலைத்துவிடும் என்பதால் அந்த வில்லையை அணைத்துவிட்டுத்தான் எடுப்பார்களாம்.

சரியான குவியத்தில் எடுத்த படம் வெறுமை. குவியத்தை முன்னும் பின்னும் நகர்த்தி எடுத்தவற்றில்தான் சின்னச் சின்ன வட்டங்கள், ஒன்றில் வெள்ளை, மற்றதில் கறுப்பு. புல்மோட்டைக் கறுமணலில் காந்தம் வைத்து விளையாடியவனுக்கு இது அதிசயம்தான்!

மூன்றையும் சேர்த்து, செறிவுக் கடத்தல் சமன்பாட்டால் (குவியம் மாறும்போது படத்தின் வெளிச்சம் மாறுவதை வைத்துக் கணிக்கும் TIE முறை) காந்தத் திசைகளைக் கணித்தால் மேகம் மூடினதுபோல் வருகிறது. படம் முழுக்கப் பரவும் மெதுவான மாற்றங்களை அடக்கும் வடிகட்டியின் பெறுமானத்தைக் கூட்டினால் மேகம் போகிறது, அப்புறம் வட்டங்களும் மங்குகின்றன. எந்தப் பெறுமானத்தில் நிறுத்துவது? பைத்தனில் இதைச் செய்தவர்கள் கொமென்றில் சொல்லுங்கள், படங்களை அனுப்புகிறேன்.