வீட்டில் வளர்க்கப் பெரிய பல்லியினம்: சுபாவத்தையும் பராமரிப்பையும் பார்த்து எதைத் தேர்வது?

வடலி (ஸ்காபரோ) கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என் மகளுக்கு 11 வயது. ஊர்வனவற்றின் மேல் அவளுக்கு உள்ள ஈடுபாடு சில மாதங்களில் தணிந்துவிடும் என்று நானும் மனைவியும் எண்ணியிருந்தோம். ஆனால் நூலகத்திலிருந்து அவள் எடுத்து வரும் புத்தகங்களில் பெரும்பாலானவை இன்றும் பல்லி, உடும்பு, ஆமை பற்றியவையாகவே இருக்கின்றன. கண்ணாடித் தொட்டிக்குள் வைத்துப் பார்க்கும் சிறிய கெக்கோ அவளுக்கு வேண்டாமாம். ஆட்களை அடையாளம் கண்டு பழகக்கூடிய, மடியில் வந்து படுக்கக்கூடிய பெரிய பல்லி ஒன்றுதான் வேண்டும் என்கிறாள்.

எங்களுடையது சொந்த வீடு. பேஸ்மென்ட்டில் ஓர் அறை முழுவதுமாகக் காலியாக உள்ளது. நீரிழிவு உள்ள என் அம்மாவும் எங்களோடு வசிக்கிறார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரு மாதம் யாழ்ப்பாணம் போய் வருவோம். பச்சை இக்குவானா, ஆர்ஜென்டைன் டேகு, சவானா உடும்பு, நீலநாக்கு அரணை ஆகிய நான்கையும் மனதில் வைத்திருக்கிறோம். இவற்றுள் சவானா உடும்புதான் மிகவும் சாதுவானது, முதன்முறை வளர்ப்பவருக்கு ஏற்றது என்று ஒரு கடையில் கூறினார்கள். விலையும் மற்றவற்றைவிடக் குறைவாக இருந்தது. வளர்த்து அனுபவம் உள்ளவர்களின் கருத்தை அறிந்த பின்னரே முடிவெடுக்க விரும்புகிறேன்.

கொன்றை (ஹமில்ரன்) எழுதியது:

வணக்கம் வடலி. வாங்குவதற்கு முன்பே கேட்டீர்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. என் வீட்டில் ஓர் ஆண் டேகு பல ஆண்டுகளாக இருக்கிறது. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதப் போகிறேன்.

அதற்கு முன் 'சாது' என்று கடையில் சொன்னதைப் பற்றி ஒரு விடயம். கையில் எடுத்தவுடன் அசையாமல் கிடக்கும் பல்லியைப் பார்த்து அது நம்மோடு பழகிவிட்டது என்று பலரும் நம்புகிறார்கள். கண்களை மூடிக்கொண்டு, உடலைத் தட்டையாக்கி, மூச்சை இழுத்துப் பிடித்துக் கிடப்பது பெரும்பாலும் அச்சத்தில் உறைந்திருப்பதன் அடையாளம். அல்லது உடல் போதிய அளவு சூடேறாததால் ஓட வலுவில்லாத நிலை. உண்மையாகவே பழகிய விலங்கு நாக்கை நீட்டி உங்கள் கையை முகரும், சுற்றுமுற்றும் பார்க்கும், விரும்பினால் தானாக மேலே ஏறி வரும், போதுமென்றால் தானாக இறங்கிப் போகும். கடையில் பார்க்கும்போது இந்த வேறுபாட்டை உங்கள் மகளுக்குக் காட்டிக் கொடுங்கள். புத்தகம் வாசிக்கும் பிள்ளை என்கிறீர்கள், எளிதில் புரிந்துகொள்வாள்.

பெரிய பல்லிகளுள் மனிதரோடு பழகுவதில் கறுப்பு வெள்ளை ஆர்ஜென்டைன் டேகுவுக்கு நிகரானது அரிது என்பது என் உறுதியான கருத்து. தலை பச்சை நிறமாக இருக்கும் குஞ்சுப் பருவத்தில் அது மிரண்டு மிரண்டு ஓடும்; அந்தப் பச்சை சில மாதங்களில் மறைந்துவிடும், மிரட்சி போகக் கூடுதல் காலம் எடுக்கும். அந்தக் காலத்தில் துரத்திப் பிடிக்கவே கூடாது. நீங்கள் அணிந்த, துவைக்காத சட்டையொன்றை அதன் கூட்டுக்குள் போட்டு வைத்தால் உங்கள் மணத்துக்கு அது பழகிக்கொள்ளும். உணவைக் கையால் கொடுக்காமல் நீண்ட இடுக்கியாலோ பாத்திரத்திலோ கொடுங்கள். கை வந்தால் உணவு வருகிறது என்று அது கற்றுக்கொண்டால், கோபமே இல்லாமல் விரலைக் கடித்துவிடும், அந்தத் தாடையின் வலு சாதாரணமானதன்று.

வளர்ந்த ஆண் 4 அடிக்கு மேல் நீண்டு, 5 கிலோ எடையையும் தாண்டக்கூடும். 8 அடி நீளம், 4 அடி அகலம், 4 அடி உயரம் கொண்ட மரக்கூடு அதற்குக் குறைந்தபட்சத் தேவை. தோண்டிப் படுக்கும் விலங்கு என்பதால் உள்ளே ஓர் அடி ஆழத்துக்காவது ஈரப்பதமுள்ள மண் நிரப்ப வேண்டும். விளக்கின் கீழ் வெயில் காயும் இடத்தின் தரை 45 முதல் 50 பாகை செல்சியஸ் வரை சூடாகவும், மறுமுனை 25 பாகை அளவில் குளிர்ச்சியாகவும் இருந்தால்தான் அது தன் உடல் வெப்பத்தைத் தானே சீர்செய்துகொள்ள முடியும். காற்றின் ஈரப்பதம் 70 வீதத்துக்குக் குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடி வீடே வறண்டு கிடக்கும் நமக்கு இதுதான் பெரிய பாடு. ஈரம் போதாவிட்டால் உரியும் தோல் விரல்களிலும் வால் நுனியிலும் இறுகி, இரத்த ஓட்டத்தைத் தடுத்து, அந்தப் பகுதியே உதிர்ந்துபோகலாம்.

உங்கள் ஸ்காபரோவும் அடங்கிய ரொறன்ரோ மாநகரின் விதிப்படி, வளர்ந்தபின் 2 மீற்றருக்கு மேல் நீளும் பல்லியினங்களை வளர்க்கக் கூடாது. ஆசிய நீர் உடும்பு அந்தத் தடைக்குள் வருகிறது, டேகு வராது. பக்கத்து நகரங்களின் விதிகள் வேறுபடும்.

நெய்தல் (மார்க்கம்) எழுதியது:

இக்குவானாவைப் பற்றி நான் கூறுகிறேன். வேறொரு குடும்பம் வைத்துக்கொள்ள இயலாமல் கொடுத்த இக்குவானா ஒன்றை என் கணவரும் நானும் எடுத்து வளர்த்து வருகிறோம். எங்களிடம் வந்தபோதே அதன் கீழ்த்தாடை வீங்கி, பின்னங்கால்கள் வளைந்திருந்தன. வெயிலில் உள்ள யுவிபி என்னும் புறஊதா ஒளியும் சுண்ணாம்புச் சத்தும் போதாமல் எலும்பு மென்மையாகும் நோய் அது. வளைந்த எலும்பு பின்னர் நிமிர்வதில்லை.

குஞ்சு கையளவுதான் இருக்கும், விலையும் குறைவு. அதனால் சிறிய தொட்டியோடு சேர்த்து வாங்கிவிடுகிறார்கள். அதுவோ 5 அடிக்கு மேல் வளர்ந்து, 15 ஆண்டுகளுக்கும் கூடுதலாக வாழக்கூடியது. மரத்தில் வாழும் விலங்காதலால் அதற்கு நீளத்தைவிட உயரமே முக்கியம். எங்கள் வீட்டில் கூரை வரை எட்டும் கூடு ஒன்று அறையின் பாதியை எடுத்துக்கொண்டிருக்கிறது. பேஸ்மென்ட் அறைகளில் கூரை தாழ்வாக இருக்குமே, அதை முதலில் அளந்து பாருங்கள்.

உணவு முழுக்க முழுக்க இலைதழை. கொலார்ட், கடுகுக் கீரை, டான்டிலியன் ஆகியவை நாள்தோறும் இருக்கலாம். ஸ்பினாச் அதிகம் கொடுத்தால் அதிலுள்ள ஒக்ஸலேட் சுண்ணாம்புச் சத்தை உடல் ஏற்கவிடாது. இறைச்சி, முட்டை, நாய் உணவு எதையும் கொடுக்கக் கூடாது. விலங்குப் புரதம் காலப்போக்கில் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.

சுபாவம் பற்றிச் சொல்வதானால், ஆண்டின் பெரும்பகுதி எங்கள் இக்குவானா என் தோளில் ஏறி யன்னலோரம் வேடிக்கை பார்க்கும் அன்பான உயிர். ஆனால் இனப்பெருக்கக் காலம் வந்துவிட்டால் ஆண் இக்குவானாவின் நிறம் செம்மஞ்சளாக மாறும், தலையை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்கும், நன்கு பழகியவரையே துரத்திக் கடிக்கும். தையல் போடும் அளவுக்குக் காயம் ஏற்படலாம். வாலால் அடிக்கும் அடியும் சாட்டை போலத்தான் விழும். பெண் இக்குவானா ஆணின்றியே முட்டை தரிக்கும், அது வெளியேறாமல் தங்கிவிட்டால் உயிருக்கே ஆபத்து. நான் எங்களுடையதை மிகவும் நேசிக்கிறேன். ஆயினும் 11 வயதுப் பிள்ளை உள்ள வீட்டுக்கு, முதல் விலங்காக, இக்குவானாவை ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

மருதம் (மிசிசாகா) எழுதியது:

ஊர்வனவற்றுக்கும் சிகிச்சை அளிக்கும் கால்நடை மருத்துவமனை ஒன்றில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். கடையில் உங்களுக்குக் கூறப்பட்ட கருத்தை மறுக்காமல் விட மனம் இடங்கொடுக்கவில்லை.

சவானா உடும்புகள் கானா, டோகோ, பெனின் முதலிய மேற்கு ஆபிரிக்க நாடுகளிலிருந்து பெருந்தொகையாகக் குஞ்சுகளாக ஏற்றுமதியாகின்றன. விலை மலிவாக இருப்பதற்குக் காரணம் அதுவே. எங்களிடம் கொண்டுவரப்படுபவற்றுள் பல, நீர்ச்சத்து வற்றியும் குடற்புழுக்களோடும் இருக்கின்றன. இயற்கையில் அவை மரவட்டை, நத்தை, வண்டு, வெட்டுக்கிளி போன்றவற்றை நாள் முழுவதும் தேடித் திரிந்து உண்பவை. வீட்டிலோ வாரந்தோறும் எலியைப் போட்டு, சூடு குறைந்த தொட்டியில் வைத்திருக்கிறார்கள். கொழுப்பு ஈரலிலும் வயிற்றிலும் படிந்து, அசையவே முடியாமல் கிடக்கும் விலங்கைப் பார்த்து, எவ்வளவு சாதுவாக இருக்கிறது என்கிறார்கள். கொன்றை சொன்ன அசையாமையின் மிக மோசமான வடிவம் இது. நன்றாகப் பராமரிக்கப்படும் சவானா உடும்பு ஓயாமல் தோண்டும், ஓடும், தப்பிக்க வழி தேடும். அதற்கு 60 பாகைக்கு நெருங்கிய வெயில் தரையும், 2 அடிக்கு மேல் ஆழமான மண்ணும் வேண்டும். தொடக்கநிலையாளருக்கு அது பொருத்தமே இல்லை.

அம்மாவைப் பற்றியும் குறிப்பிட்டிருந்தீர்கள். எந்தப் பல்லியும், பார்வைக்கு முழு ஆரோக்கியத்தோடு இருக்கும்போதே, குடலில் சால்மொனெல்லா கிருமியைச் சுமக்கக்கூடும். 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், முதியோர், நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்கள் ஆகியோருக்கு அது கடும் நோயாக மாறலாம். நீரிழிவுள்ள முதியவரை அவ்வகையில்தான் கருத வேண்டும். பல்லியைச் சமையலறைக்குள் விடக் கூடாது. அதன் பாத்திரங்களைச் சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. தொட்ட ஒவ்வொரு முறையும் சவர்க்காரமிட்டுக் கை கழுவும் பழக்கம் மகளுக்கு வர வேண்டும். பேஸ்மென்ட்டில் தனிக் குளியலறை இருந்தால் பெரும் வசதி.

என் தெரிவு நீலநாக்கு அரணை. 45 முதல் 60 சென்ரிமீற்றர் வரை வளரும். 4 அடி நீளம், 2 அடி அகலக் கூடு போதும். இறைச்சி, கீரை, காய்கறி எல்லாம் உண்ணும். கையில் அமைதியாக இருக்கும், அந்த அமைதி பெரும்பாலும் உண்மையானது. இந்தோனேசியாவிலிருந்து வருபவற்றுள் காட்டில் பிடிக்கப்பட்டவை பல இருப்பதால், இங்கேயே இனப்பெருக்கம் செய்பவரிடம், தாய் தந்தையைக் காட்டச் சொல்லி வாங்குங்கள். மகள் பல்கலைக்கழகம் போகும்போது இந்த விலங்குக்குப் பாதி வயதுகூட ஆகியிருக்காது. ஆகவே நீங்களும் உங்கள் மனைவியும் மனதார வளர்க்க விரும்பும் விலங்காக அது இருக்க வேண்டும்.

வடலி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. சவானா உடும்பையும் இக்குவானாவையும் விலக்கிவிட்டோம். மகள் இன்னமும் டேகுவின் பக்கமே நிற்கிறாள். மனைவிக்கோ அரணையே சரி என்று படுகிறது. கொன்றை அவர்களிடம் இரண்டு கேள்விகள். டேகு குளிர்காலத்தில் மாதக்கணக்கில் உறங்கும் என்று மகள் வாசித்திருக்கிறாள், அது உண்மையா? மின்சாரம் நின்றாலோ, நாங்கள் ஊருக்குப் போனாலோ என்ன செய்வது?

கொன்றை எழுதியது:

உண்மைதான். தென்னமெரிக்காவில் குளிர்மாதங்களில் டேகு வளைக்குள் ஒடுங்கிவிடும். வீட்டிலும் பல டேகுகள் உணவைக் குறைத்துக்கொண்டு, மண்ணுக்குள் போய்ப் படுத்துவிடுகின்றன. சில முழுமையாக ஒடுங்குவதில்லை. முதல் குளிர்காலத்துக்கு முன் மருத்துவரிடம் காட்டி, எடையைக் குறித்து வைத்து, இடையிடையே நிறுத்துப் பாருங்கள். எடை வேகமாகக் குறைந்தால் அது ஒடுக்கம் அன்று, நோய். ஒடுக்கம் கலைந்து வரும் பருவத்தில் ஆண் சற்று முரடாக இருக்கும். மகள் விரும்புவாள் என்பதால் இதையும் எழுதுகிறேன்: இனப்பெருக்கக் காலத்தில் டேகு தன் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்கி, சுற்றுப்புறத்தைவிட 10 பாகை வரை கூடுதலான சூட்டைத் தக்கவைக்கிறது என்று 2016இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. நம் ஒன்ராறியோவின் புரொக் பல்கலைக்கழக ஆய்வாளர்களும் அதில் பங்கேற்றவர்கள்.

மின்தடையை அலட்சியம் செய்யாதீர்கள். 2013 டிசம்பர் பனிப்புயலில் ரொறன்ரோவில் பல வீடுகள் நாட்கணக்கில் மின்சாரமின்றிக் கிடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். மரக்கூட்டின் சுவர்களுக்குக் காப்புப் பலகை அடித்தால் சூடு மெதுவாகவே இறங்கும். வளர்ந்த டேகு சில மணி நேரக் குளிர்ச்சியைத் தாங்கும், ஆனால் வயிற்றில் உணவோடு குளிர்ந்தால் அது செரிக்காமல் அழுகத் தொடங்கும். ஆகவே பனிப்புயல் எச்சரிக்கை வந்த நாளில் உணவு கொடுக்காதீர்கள். பயண மாதத்தைப் பொறுத்தவரை, விளக்குகளை நேரக்கருவியிலும், சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட்டிலும் இணைத்துவிட்டாலும், நாள்தோறும் நேரில் வந்து பார்க்க ஆள் வேண்டும். பல்லியைக் கண்டு அஞ்சாத ஒருவர் உங்கள் சுற்றத்தில் இருக்கிறாரா என்று இப்போதே விசாரியுங்கள். இல்லையென்றால் அரணையின் பக்கம் உங்கள் மனைவி சொல்வதே சரி. அதன் கூட்டைத் தூக்கிக்கொண்டு போய் ஒரு நண்பர் வீட்டில் வைத்துவிடலாம், டேகுவுடையதை அப்படி வைக்க முடியாது.

டேகுதான் என்று முடிவானால், குஞ்சை வாங்காமல், பிறர் கைவிடும் வளர்ந்த டேகுவைத் தத்தெடுப்பதை யோசியுங்கள். இரண்டு மூன்று வயதானதன் சுபாவம் ஏறக்குறைய நிலைத்திருக்கும், நேரில் பார்த்தே அறியலாம். ஒரே சந்திப்பில் முடிவு சொல்லாமல் வெவ்வேறு நேரங்களில் போய்ப் பாருங்கள். அது உண்பதையும், நடப்பதையும், வளர்ப்பவர் தூக்கும்போது என்ன செய்கிறது என்பதையும் கவனியுங்கள். தாடையும் கால்களும் நேராக உள்ளனவா, விரல்கள் முழுமையாக இருக்கின்றனவா என்று மகளையே பார்க்கச் சொல்லுங்கள்.