‘பிள்ளை’யை அவரு விடலையா, நீங்க விடலையா?

கோட்டாத்துக்காரன்:
கிறிஸ்தவத்துக்காக உயிர் விட்ட நம்ம தேவசகாயத்தைப் பத்தி நேத்து இங்க ஒரு மேதாவி எழுதியிருக்காரு: “தேவசகாயம் கடைசி வரைக்கும் ‘பிள்ளை’ங்கிற சாதிப் பட்டத்தை விடல, இதுல என்ன சீடத்துவம்?” ஓய், சிலுவை சுமக்கதுன்னா என்னன்னு தெரியுமாவே? திருவிதாங்கூர் ராசா மார்த்தாண்ட வர்மாவோட பத்மநாபபுரத்துல அரண்மனை உத்தியோகம். 1745-ல வடக்கன்குளத்துல ஞானஸ்நானம். நாலு வருஷத்துல கைது. எருமை மேல ஏத்தி ஊர் ஊராக் கொண்டு போனாவ. அடிச்ச புண்ணுல மொளகாப்பொடி. 1752 சனவரி 14, காத்தாடிமலையில சுட்டுக் கொன்னாவ. இன்னும் என்ன வேணும் உமக்கு?

வேணாட்டு வாசகன்:
அந்த மேதாவி நான்தான். எருமையைப் பத்தி நான் கேக்கல, பட்டத்தைப் பத்திக் கேட்டேன். 2012-ல நாகர்கோவில்ல முத்திப்பேறு (புனிதர் பட்டத்துக்கு முந்தின படி) கொடுத்தப்போ ‘தேவசகாயம் பிள்ளை’. 2022 மே 15 ரோமாபுரியில புனிதர் பட்டம் கொடுத்தப்போ வெறும் ‘தேவசகாயம்’. நடுவுல பிள்ளை எங்க போனாரு?

கோட்டாத்துக்காரன்:
ஞானஸ்நானத்துல வச்ச பேரு லாசர். தமிழ்ல தேவசகாயம். நீலகண்ட பிள்ளைங்கது அதுக்கு முந்தின பேரு. ரெண்டையும் கோத்து வச்சது சனங்க. செத்தவரு கல்லறைக்குள்ளேருந்து வந்து திருத்தவா முடியும்?

வேணாட்டு வாசகன்:
அப்போ 2012 வரைக்கும் ஒட்டிக்கிட்டு இருந்தது உண்மைதானே? ஒத்துக்கிட்டதுக்கு நன்றி.

மயிலாடி மைந்தன்:
சகோதரர்களே, லூக்கா 14:28. கோபுரம் கட்டுறவன் முதல்ல உட்கார்ந்து செல்லுஞ்செலவைக் கணக்குப் பார்க்கணும். எலும்பைப் பெட்டியில வச்சு மெழுகுதிரி கொளுத்தச் சொல்லி எந்த வசனமும் இல்ல.

கோட்டாத்துக்காரன்:
வந்துட்டாருய்யா வசனம்! உங்க புராட்டஸ்டண்ட் மிஷனரி ரிங்கல்தௌபே 1806-ல மயிலாடி வந்து சேரும்போது எங்காளு செத்து 54 வருஷம் ஆச்சு. ஓரமா நில்லும்.

மயிலாடி மைந்தன்:
சரி, அதே வடக்கன்குளத்துல கத்தோலிக்கக் கோயிலைக் கால்சட்டை மாதிரி ரெண்டு காலாக் கட்டி, சாதிக்கு ஒரு காலு ஒதுக்கினது யாரு? 1910 வரைக்கும் சுவர் நின்னுச்சே.

கோட்டாத்துக்காரன்:
இடிச்சதும் எங்க சாமியாருதாம்வே!

வேணாட்டு வாசகன்:
கட்டினதை இடிச்சதுக்கு ஒரு பெருமை. இன்னொண்ணு. கிறிஸ்தவ வேதத்துல சேந்ததுதான் குத்தம்னா டிலனாய்க்கு ஏன் ஒண்ணும் ஆகல? 1741 குளச்சல் போர்ல பிடிபட்ட டச்சுக் கம்பெனிக்காரன், அவனும் வேதக்காரன். அவனைப் படைக்கே தளபதி ஆக்கினாரே மார்த்தாண்ட வர்மா?

கோட்டாத்துக்காரன்:
பீரங்கி தெரிஞ்ச வெள்ளைக்காரன் எந்தச் சாமியைக் கும்பிட்டாலும் ராசாவுக்கு லாபம். அரண்மனைக்காரன் மாறி, கீழ்ச்சாதிக்காரங்களோட சரிக்குச் சரி பழகினா மானக்கேடு. அப்படிப் பழகினவனுக்கா சாதிப்பட்டம் பெருசு? சொல்லும்!

புலியூர்க்குறிச்சிக்காரி:
அவரு வீட்டம்மா பார்கவி அம்மாளும் ஞானஸ்நானம் வாங்கி ஞானப்பூன்னு பேரு வச்சவங்க. அவங்க கொடுத்த விலையைப் பத்தி ஒருத்தராவது ஒரு வரி எழுதினீங்களா?

கோட்டாத்துக்காரன்:
எழுதலாம்மா, முதல்ல இந்தாளு பதில் சொல்லட்டும். பிள்ளையை வச்சுக்கிட்டாருன்னு ஓலை இருக்கா? தேவசகாயம் கைப்பட எழுதின ஒத்த ஓலை?

வேணாட்டு வாசகன்:
விட்டாருன்னு உம்மகிட்ட ஓலை இருக்கா?

மயிலாடி மைந்தன்:
என்னை ஓரமா நிக்கச் சொன்னதுக்கு இன்னும் மன்னிப்பு வரல.

கோட்டாத்துக்காரன்:
வராது. வாசகரே, ஓலை எங்க?