வீட்டு நாஸ் பெட்டிக்குத் தனி யுபிஎஸ் வேண்டுமா, இன்வெர்ட்டரே போதுமா?

கானாடுகாத்தான்_வளவு:
எங்கள் பெரிய வீட்டில் இருந்த ரங்கூன் காலத்துப் பேரேடுகளையும் கல்யாணப் படங்களையும் ஸ்கேன் செய்து, 4 டிபி ஹார்டு டிஸ்க் இரண்டு கொண்ட நாஸ் பெட்டியில் (கோப்புகளைச் சேமித்து நெட்வொர்க் வழியே எல்லோருக்கும் தரும் பெட்டி) வைத்திருக்கிறோம். சிங்கப்பூரில் இருக்கும் பங்காளிகள் அங்கிருந்தே பார்த்துக்கொள்கிறார்கள். போன மாதம் பராமரிப்புக்காகக் காலை 9 மணிக்கு மின்சாரத்தை நிறுத்தியபோது, இன்வெர்ட்டர் பிற்பகல் 2 மணி வரை ஓடிச் சட்டென்று நின்றது. மாலையில் மின்சாரம் வந்ததும் நாஸ் கீச்சிட்டுக்கொண்டே எழுந்து, இரண்டு டிஸ்க்குகளையும் ஒப்பிட்டுச் சரிபார்த்து முடிக்க விடிந்துவிட்டது. யுபிஎஸ் (மின்சாரம் போனதும் கணினிக்குத் தடையின்றிப் பேட்டரி மின்சாரம் தரும் சிறு பெட்டி) வாங்கலாம் என்றால், இன்வெர்ட்டர் இருக்கும்போது இன்னொரு பெட்டி எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள்.

காரைக்குடியான்:
வீட்டில் கேட்பது நியாயமான கேள்வி. நாஸ் பெட்டிகளில் உள்ள எக்ஸ்ட்4, பிடிஆர்எஃப்எஸ் போன்ற கோப்பு முறைகள் (டிஸ்க்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் முறைகள்) திடீர் மின்வெட்டைத் தாங்கும்படி அமைக்கப்பட்டவை. உங்களுக்கும் ஓர் இரவு போனதே தவிர ஒரு படமும் போகவில்லை. அந்தப் பணத்துக்கு இன்னொரு டிஸ்க் வாங்கி, முழு நகலை எடுத்துச் சிங்கப்பூருக்குக் கொடுத்தனுப்புங்கள். டிஸ்க் பழுதானாலும், ஐப்பசி இடியில் பெட்டியே கருகினாலும் கைகொடுப்பது நகல்தான், யுபிஎஸ் அல்ல.

பள்ளத்தூர்_மேலவீதி:
நகல் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்து இல்லை, ஐயா. ஆனால் நீங்கள் சொல்லும் கோப்பு முறை தன் கட்டமைப்பைத்தான் காத்துக்கொள்ளும். டிஸ்க்கில் இன்னும் எழுதப்படாமல் நினைவகத்தில் நிற்கும் தரவு மின்சாரத்தோடு போய்விடும், பாதி ஏறிய ஸ்கேன் பாதியாகவே நிற்கும். இன்வெர்ட்டரின் குறை அது தரும் நேரத்தில் இல்லை, ஐந்து மணி நேரம் தாராளம். தன் பேட்டரி தீரப்போகிறது என்பதை நாஸிடம் சொல்ல அதற்கு வழியில்லை என்பதே குறை. யுபிஎஸ்ஸிலிருந்து வரும் யுஎஸ்பி கேபிள் அந்தச் சேதியைச் சொல்லும், நாஸ் எழுதிக்கொண்டிருப்பதை முடித்துத் தானாகவே அணையும். அதற்குச் சில நிமிடங்கள் போதும் என்பதால் 600 விஏ (வோல்ட்-ஆம்பியர்) திறனே மிகுதி.

தேவகோட்டை_ரஸ்தா:
யுபிஎஸ்ஸை நம்பிக் கெட்டவன் நான். மாடி அறையில், ஓட்டுக்கு நேர் கீழே வைத்திருந்தேன். இரண்டாவது கோடையிலேயே பேட்டரி உப்பிப்போய், மின்சாரம் போன அதே நொடியில் யுபிஎஸ்ஸும் அணைந்தது. ஈய அமில பேட்டரிக்குச் சொல்லப்படும் ஆயுள் 25 டிகிரி வெப்பத்துக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறத்தாழப் பாதியாகும். பெரிய வீடுகளில் வெயில் எட்டாத இரண்டாங்கட்டு அறை எதற்கு இருக்கிறது? ஆத்தங்குடிக் கல் பாவிய தரையில் ஒரு பலகை போட்டு அதன்மேல் வையுங்கள்.

காரைக்குடியான்:
அப்படியானால் இரண்டு மூன்று ஆண்டுகளுக்கு ஒரு பேட்டரிச் செலவையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகையாக (மின்வாரிய மின்சாரம் போல வளைந்தேறாமல் சட்டென்று மாறும் அலையைத் தருவது) இருந்தால், பின்னால் மாட்டிய யுபிஎஸ் அந்த மின்சாரத்தை ஏற்காமல் டக் டக் என்று பேட்டரிக்கு மாறிக்கொண்டே இருக்கவும் கூடும். மின்வாரிய மின்சாரம் போன்ற அலையைத் தரும் சைன் அலை இன்வெர்ட்டர் என்றால் நான் இவ்வளவு வாதாட மாட்டேன். ஆயினும் முதல் செலவு நகலுக்கே என்பதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

பள்ளத்தூர்_மேலவீதி:
வரிசையில் உங்களோடு உடன்படுகிறேன். கடையில் வாங்கும்போது பின்புறம் யுஎஸ்பி துளை இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள். விலை குறைந்த பலவற்றில் அது கிடையாது, அது இல்லாத யுபிஎஸ் இன்னொரு சிறிய இன்வெர்ட்டர்தான்.

கானாடுகாத்தான்_வளவு:
எங்களுடையது சைன் அலைதான். நகல் டிஸ்க்கை முதலில் அனுப்பிவிட்டு, துளையுள்ள யுபிஎஸ் ஒன்றை இரண்டாங்கட்டில் வைத்து, இன்று காலை வேண்டுமென்றே அதன் பிளக்கைப் பிடுங்கிப் பார்த்தேன். நான் குறித்திருந்தபடி ஐந்தாவது நிமிடத்தில் நாஸின் நீல விளக்கு சிமிட்டத் தொடங்கி, சற்று நேரத்தில் சத்தமில்லாமல் அணைந்தது. பிளக்கை மாட்டியதும் கீச்சொலி இல்லாமல் எழுந்தது. வைஃபை ரவுட்டரை அதில் சேர்க்க மறந்துவிட்டேன், அதை நாளை மாற்ற வேண்டும்.