கேம்பர் வேன் வாட்டர் ஹீட்டர்: புதுப்பிப்பு

வேனில் இருக்கும் வாட்டர் ஹீட்டரின் தொட்டி ஒழுகுகிறது, ஒட்டுப்போட்டு ஓட்டலாமா, மாற்றிவிடலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். மாற்றியாகிவிட்டது. பழையதைக் கழற்றியதும் பேச்சுக்கே இடமில்லை. அலுமினியத் தொட்டியின் வெல்டிங் ஓரத்தில் முடி அளவு விரிசல். முன்பு வைத்திருந்தவர் கனடாவின் ஒன்டாரியோ குளிரில் தண்ணீரை வடிக்காமலே நிறுத்தியிருப்பார் போல, உள்ளே உறைந்து தொட்டியைப் பிளந்திருக்கிறது.

புதியது சபர்பன் என்ற பிராண்ட், 6 கேலன், சுமார் 23 லிட்டர். பொருத்துவதைவிட, வேன் சுவரில் ஒட்டிக்கிடந்த பழைய பியூட்டில் டேப்பை (தண்ணீர் புகாமல் இடுக்கை அடைக்கும் பிசின் பட்டை) சுரண்டியதுதான் பெரும்பாடு. விரலெல்லாம் கறுப்புப் பிசின். கேஸ் இணைப்பை உரிமம் உள்ளவரிடம் விட்டேன். சோப்புத் தண்ணீர் தடவி, எங்கும் குமிழி வரவில்லை என்று பார்த்த பிறகுதான் பற்றவைத்தார்.

தொட்டிக்குள் செருகியிருக்கும் ஆனோடு என்ற உலோகக் கம்பி எதற்கு என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இது பீங்கான் பூச்சுள்ள எஃகுத் தொட்டி. கம்பி தான் அரிபட்டு, தொட்டியைத் துரு பிடிக்காமல் காக்கும். தண்ணீர் வடிக்கும் அடைப்பும் அதுவே என்பதால், சீசன் முடிந்து வடிக்கும்போதே எவ்வளவு கரைந்திருக்கிறது என்று பார்த்துவிடலாம். நல்ல ஏற்பாடு, எனக்குப் பிடித்திருக்கிறது.

அப்புறம், இது கேஸிலும் ஓடும், கரன்டிலும் ஓடும். தொட்டி நிறையாமல் கரன்ட் சுவிட்சைப் போட்டுவிடாதீர்கள், எலிமென்ட் (தண்ணீரைச் சூடாக்கும் கம்பி) உடனே கருகிவிடும். வெந்நீர்க் குழாயைத் திறந்துவிட்டு, காற்றுச் சீறல் அடங்கித் தண்ணீர் சீராக வந்த பிறகு போடுங்கள்.

தண்ணீரைத் தொட்டிக்குள் விடாமல் நேரே குழாய்களுக்குத் திருப்பும் பைபாஸ் வால்வும் சேர்த்தே போட்டாயிற்று. இனி குளிர்காலத்துக்கு ஆன்டிஃபிரீஸ் (உறையாமல் காக்கும் திரவம்) குழாய்களுக்கு மட்டும் போதும், தொட்டியை நிரப்ப வேண்டியதில்லை.